முனியப்பா வாசிக்காத கச்சேரி

மாதாப்பூர் ஐந்தாம் மாடியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் அகராதிக்காரர்களுக்கு,

உங்களுக்கு ஊக்கமூட்டும்படி என் பணி அனுபவங்களை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் உங்கள் குழுத் தலைவி ஜெனிஃபர். ஊக்கம் என்னிடம் கையிருப்பில் இல்லை. குற்ற ஒப்புதல் ஒன்று இருக்கிறது, அதுவும் நெடுநாள் ஆறப்போட்டது. அதைத் தருகிறேன். படித்து முடித்தபின் ஊக்கம் வந்தால் அது உங்கள் பாடு.

மூன்று வாரங்களுக்கு முன், ஓய்வுபெற்று வீட்டில் இருந்த என்னை ஆலோசகர் என்ற பெயரில் வரவழைத்து, காபி கொடுத்து, உங்கள் அகராதிச் செயலியை ஜெனிஃபர் எனக்குக் காட்டினார். கோயம்புத்தூர்ப் பெண். திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்டுவார் என்று நினைக்கிறேன்.

"ஏதாவதொரு வார்த்தை சொல்லுங்க மேடம். ஆறு பாஷையில அர்த்தமும் வரும், அது எங்கிருந்து வந்துச்சுங்கறதும் வரும்ங்க."

'கச்சேரி' என்றேன். தற்செயலாக வாயில் வந்த சொல் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். ஆனால் வேண்டுமென்றேதான் சொன்னேன்.

திரையில் வந்ததைக் கீழே தருகிறேன். "இந்தியிலும் உருதுவிலும் நீதிமன்றம். மராத்தியிலும் கன்னடத்திலும் அலுவலகம். தெலுங்கில் அலுவலகமும் இசை நிகழ்ச்சியும். தமிழில் இசை நிகழ்ச்சி. அலுவலகத்தைக் குறித்த சொல் இசையைக் குறிக்க வந்த கதை: நவாப் காலத்தில் முனியப்பா என்ற நாதஸ்வரக்காரர் நில வழக்குக்காக ஒரு தாசில்தார் கச்சேரியின் வேப்பமரத்தடியில் ஏழு ஆண்டுகள் காத்திருந்தார். அங்கேயே சாதகம் செய்தார். அதைக் கேட்கக் கூட்டம் கூடியது…"

"இது பொய்" என்றேன்.

"மூணு சோர்ஸ் இருக்குங்க மேடம்."

"மூணும் பொய்."

ஜெனிஃபர் விடவில்லை. "நீங்க சொல்றதுக்கு சோர்ஸ் இருக்குங்களா?"

வாழ்நாளெல்லாம் மற்றவர்களைப் பார்த்து நான் கேட்டு, பல பேரை அழவைத்த கேள்வி அது. இப்போது எனக்கே திரும்பி வந்தது.

"நான்தான் சோர்ஸ். அந்தப் பொய்யை எழுதினவளே நான்தான்."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். பிறகு, அலுவலக விதியை எடுத்துச் சொன்னார். பதிவை மாற்ற வேண்டுமென்றால் எழுத்தில் வேண்டுமாம். எழுதியவர் ஒரு கையெழுத்து, விஷயம் தெரிந்து சரிபார்த்தவர் இன்னொரு கையெழுத்து. அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது. ஏனென்றால் அந்த இரண்டாவது கையெழுத்தில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

தெலுங்கும் உருதுவும் புழங்கும் இதே நகரத்தின் திருமுல்கேரியில், ஒரு பழைய பங்களாவில் எங்கள் அகராதி அலுவலகம் இருந்தது. பெயர் வேண்டாம், இப்போது அங்கே கல்யாண மண்டபம் நடக்கிறது. ஆறு மொழிகளுக்கும் பொதுவான சொற்களைத் தொகுப்பது எங்கள் வேலை. மொழிக்கு ஒரு மேஜை, மேஜைக்கு ஓர் ஆள். ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் கிடையாது. "தமிழ் மேஜை, இன்னைக்கு என்ன சாப்பாடு?" "உருது மேஜை லீவு." அப்படித்தான். எனக்குத் திருநெல்வேலிப் பூர்வீகம். அப்பாவுக்கு ராணுவத் தளவாட அலுவலகத்தில் வேலையானதால் வளர்ந்தது திருமுல்கேரியில். தமிழ் மேஜைக்கு உள்ளூரிலேயே ஆள் கிடைத்தால் லாபம் என்று என்னை எடுத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சீட்டு. சீட்டு தட்டில் ஏறி மேஜை மேஜையாக ஊர்வலம் போகும். அவரவர் மொழியில் என்ன பொருள் என்று எழுத வேண்டும். சீட்டின் அடியில் மூன்று கட்டங்கள். 'எங்கே கேட்டது?' 'யார் சொன்னது?' 'சரிபார்த்தவர்.' சொல்லின் மூலம் தெரியவில்லை என்றால் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போடுவோம். அதைக் 'கொக்கி' என்போம். எங்கள் அலுவலகத்தில் கொக்கி போடுவது கௌரவக் குறைச்சல். கொக்கி போட்ட மேஜை, மற்ற ஐந்து மேஜைகளுக்கும் உஸ்மானியா பிஸ்கட் வாங்கித் தர வேண்டும். யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது. 'தெரியாது' என்று சொல்பவருக்கு அபராதம் விதிக்கும் அகராதி அலுவலகம் எங்கே போய் முடியும் என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சரிபார்த்தவர் கட்டத்தில் எப்போதும் ஒரே கையெழுத்துதான் இருக்கும். தெலுங்கு மேஜையின் கையெழுத்து. சித்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் மட்டும் அவரை அக்கா என்பேன். ஒரு புள்ளி விட்டுப் போனாலும் சீட்டை எடுத்துக்கொண்டு நம் மேஜைக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிற்பார். நாமாகக் கண்டுபிடிக்கும்வரை நகர மாட்டார். இத்தனை கெட்டிக்காரருக்கு வேலை தற்காலிகம்தான். பதினோரு வருடமாகத் தற்காலிகம். நிரந்தர உத்தரவுக்கான கோப்பு அப்போதுதான் இயக்குநர் மேஜைக்கு வந்திருந்தது.

'க' தொகுதி அச்சுக்குப் போகும் வாரத்தில் 'கச்சேரி' சீட்டு என்னிடம் வந்தது. உருது மேஜை "கச்சஹ்ரி, நீதிமன்றம்" என்று எழுதியிருந்தார். மராத்தி மேஜையும் கன்னட மேஜையும் "அலுவலகம்". நான் என் பங்குக்கு எழுதித் தள்ளினேன். பாட்டுக் கச்சேரி, சீட்டுக் கச்சேரி, அரட்டைக் கச்சேரி. தமிழ்நாட்டில் பெரியவர்கள் கோர்ட்டையும் தாலுகா ஆபீஸையும் கச்சேரி என்று சொன்ன காலம் உண்டு. இலங்கையில் இன்றும் மாவட்ட அலுவலகத்தின் பெயரே கச்சேரிதான். அரசாங்க உத்தியோகத்தையும் ஆலாபனையையும் ஒரே சொல்லில் அடைத்த ஊர் நம்முடையது.

எல்லாம் சரி, எப்படி அடைத்தார்கள்? இந்திப் பக்கத்திலிருந்து வந்த சொல் என்பது வரை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது என்பதற்கு ஆளுக்கொரு யூகம். கூட்டம் கூடும் இடம் என்பதிலிருந்து கூடிக் கேட்கும் பாட்டுக்கு நகர்ந்திருக்கலாம். இருக்கலாம். ஆனால் நகர்ந்த தடத்தை யாரும் காட்டவில்லை. நான் சிவப்புக் கொக்கியைப் போட்டேன். அந்த வாரத்தில் அது எனக்கு மூன்றாவது கொக்கி.

தேநீர் இடைவேளையில் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு, அக்கா மட்டும் அதில் சேர மாட்டார். கொக்கி போட்ட சொல்லுக்குப் பொய்யாக ஒரு மூலம் கட்ட வேண்டும். ஜெயித்தால் பிஸ்கட் அபராதம் தள்ளுபடி. பொய்யை வாயால் சொன்னால் போதாது, சீட்டில் முறைப்படி எழுத வேண்டும். அன்றைக்கு எனக்கு வந்தது பாருங்கள், கொழுப்பு. வேப்பமரம், நில வழக்கு, ஏழு வருடக் காத்திருப்பு, சத்தத்தை அடக்க வெளியே வந்து தாமும் உட்கார்ந்துவிட்ட தாசில்தார், வழக்கை மறந்த குமாஸ்தாக்கள், "கச்சேரிக்குப் போறோம்" என்று வண்டி கட்டிக்கொண்டு வந்த ஜனங்கள். கடைசியில் நிலம் பறிபோய், சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போன நாதஸ்வரக்காரர். அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அந்த நேரத்தில் எங்கள் அட்டெண்டர் முனியப்பா, காலித் தட்டில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பெயர் கிடைத்துவிட்டது. 'எங்கே கேட்டது?' திருமுல்கேரி. 'யார் சொன்னது?' ஒரு முதியவர்.

உருது மேஜைக்காரர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஹவ், ஆமா, இது நடந்திருக்கும்!" என்றார். ஜெயித்துவிட்டேன்.

ஜெயித்த சீட்டைப் பலகையில் குத்திவைப்பது வழக்கம். நான் அதைச் செய்யவில்லை. உண்மையான சீட்டை உருவிக்கொண்டு, பொய்ச் சீட்டைத் தட்டில் வைத்தேன். அக்காவைச் சீண்டத்தான். முனியப்பா பெயரைப் பார்த்ததும் அந்த முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும், அவர் வந்து விரலை வைத்துக்கொண்டு நிற்கும்போது நான் அப்பாவி மாதிரி விழிக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

அக்கா வரவில்லை. அன்று மாலை ஒரு கட்டுச் சீட்டு அப்படியே அச்சகத்துக்குப் போயிற்று. பிடித்திருப்பார், கிழித்துப் போட்டிருப்பார், என்னைத் திட்டக்கூட நேரமில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை. நான் கேட்கவில்லை.

தொகுதி வெளிவந்தது. பிரித்ததும் முதலில் 'கச்சேரி'யைத்தான் பார்த்தேன். வேப்பமரம் இருந்தது. தாசில்தார் இருந்தார். முனியப்பா இருந்தார். சரிபார்த்தவர் சுருக்கொப்பம்கூட வழக்கம்போல ஓரத்தில் இருந்தது. அன்றைய விளையாட்டைப் பார்த்த மேஜைகள் என்னைப் பார்த்துக் கண்ணடித்ததோடு சரி, வெளியில் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், முதல் ஐந்து நிமிடம்தான் பயந்தேன். அப்புறம் ஒரு பத்திரிகை மதிப்புரையில் அந்தப் பதிவை மட்டும் எடுத்துப் போட்டு "அகராதியா, அமுதசுரபியா!" என்று எழுதினார்கள். வானொலியில் ஒருவர் கதையைச் சொல்லி நெகிழ்ந்தார். திருமுல்கேரிச் சங்கீத சபாவில் ஒரு பாடகி பாடுவதற்கு முன் "முனியப்பா உட்கார்ந்த மரத்தடிக்கு என் வணக்கம்" என்றார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். வாழ்க்கையில் நான் எழுதிய உண்மைகளில் ஒன்றுக்காவது யாராவது கைதட்டியதுண்டா? எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைத்து என்ன செய்வது.

பிறகு சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் கடிதம் போட்டார். இசை வரலாறு எழுதுகிறவர். மரியாதையான நான்கு வரி. அந்த முதியவர் யார், அவரைச் சந்திக்க முடியுமா?

இயக்குநர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "பேராசிரியர் அடுத்த வாரம் வர்றார். ஆளைக் காட்டுங்க. காட்ட முடியலைன்னா, சரிபார்த்தவங்க தான் பதில் சொல்லணும். அது வரைக்கும் அந்தக் கோப்புல நான் கையெழுத்துப் போட மாட்டேன்." அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். எங்கள் அலுவலக முறை அது. எழுதியவள் கை தவறலாம், சரிபார்த்தவர் கண் தவறக் கூடாது. பதினோரு வருடம் காத்திருந்த கோப்பு என் முனியப்பாவுக்காக நின்றது.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார். "பெரியவர் எங்கே இருக்காரும்மா? போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "தேடிப் பிடிச்சிருதேன் அக்கா" என்றேன்.

தேடினேன். என்னத்தைத் தேடுவது? ஒத்துக்கொண்டு பொய் சொல்ல ஒரு முதியவர் வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நாள் திருமுல்கேரியில் டீக்கடை டீக்கடையாக ஏறி இறங்கினேன். தொண்ணூறு வயதுக்காரர் ஒருவருக்குக் காது கேட்கவில்லை. இன்னொருவர், பொய் சொல்லக் கேட்டதும் தன் மகன் போலீஸ் என்றார். மூன்றாம் நாள் ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தாரைக் காட்டினார்கள். வேலூர்ப் பக்கத்துக்காரர். விறைப்பாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "ஐயா, கச்சேரிங்கிற வார்த்தையைப் பத்தி…" என்றேன்.

"அட, முனியப்பா கதைதானே? உட்காரும்மா. எங்க நைனா சொல்வாரு. சின்னப் புள்ளையில எனக்குச் சோறு ஊட்டறப்பவே சொல்வாரு."

கடலைத் தோல் என் மடியில் விழுந்தது. அவர் சொல்லிக்கொண்டே போனார். வேப்பமரம், ஏழு வருடம், எல்லாம் இருந்தது. நான் எழுதாததும் இருந்தது. முனியப்பாவுக்கு வலது கண்ணில் பூ விழுந்திருந்ததாம். தாசில்தார் மனைவி தினம் மோர் அனுப்புவாளாம். அவர் பொய் சொல்லவில்லை. அதை உங்களுக்கு நான் சத்தியம் செய்து சொல்ல முடியும். எங்கோ ரேடியோவில் கேட்டதை, செத்துப்போன தகப்பனார் வாயில் வைத்து, அதை முழுசாக நம்பிவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

எழுந்து வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தப்பித்தேன். ஆளுக்கு ஆள், வாக்குமூலத்துக்கு வாக்குமூலம். யாரையும் பொய் சொல்லக்கூட வைக்கவில்லையே!

பேராசிரியர் வந்த அன்று, பகல் பதினொரு மணிக்கு, அவரும் அக்காவும் நானும் ஓர் ஆட்டோவில் போனோம். ஹவில்தார் இஸ்திரி போட்ட சட்டையில் தயாராக இருந்தார். ஆரம்பித்தார். பேராசிரியர் குறிப்பெடுக்க எடுக்க, புதிது புதிதாக வந்தது. மோர் வந்தது. கண்ணில் விழுந்த பூ வந்தது.

"அந்தக் கலைஞருடைய பெயர் உங்கள் தந்தையாருக்கு நினைவிருந்ததா?" என்று பேராசிரியர் கேட்டார்.

"மறக்க முடியுமா சார்? முனியப்பா."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெயரை அவர் அச்சில் பார்த்திருக்க வேண்டும், சீட்டில் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அவர் அதை முதன்முதலாகக் கேட்கிறார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. தினமும் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைக்கும் ஆளின் பெயர். அரை நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்த கண்ணை எடுக்கவில்லை.

பேராசிரியருக்குப் பரம சந்தோஷம். விருந்தினர் மாளிகையில் இறங்கும்போது, "இயக்குநரிடம் இன்றே சொல்லிவிடுகிறேன். ஆதாரம் திடமாக இருக்கிறது" என்றார். ஆட்டோவில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம்.

"அக்கா, சொல்லுதேன், கேளுங்க…"

"அக்கரலேது, வேண்டாம்" என்றார். கொஞ்சதூரம் போனதும் அவரே பேசினார். "அன்னைக்கு ஒரே நாள்ல முந்நூறு சீட்டு. உன் கையெழுத்து வந்த சீட்டு எல்லாம் படிக்காம போட்டேன். உன் எழுத்துல நான் தப்பு பார்த்ததே இல்லைம்மா. அதனால படிக்கலை. அச்சான பிறகும், பேராசிரியர் கடிதம் வந்த பிறகும், நீ எழுதினதுதானேன்னு பிரிச்சுப் பார்க்கலை."

நான் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த மாதிரி ஒன்று வாங்கியதில்லை. அழுதுவிட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கைக்கு ரோரே, அம்மா?" என்று கேட்டார். ஏன் அழுகிறாய் என்று. அவருக்கு என்னவென்று விளக்குவது?

இப்போது என் நிலைமையைப் பாருங்கள், புதியவர்களே. உங்களுக்கும் ஒருநாள் வரும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அக்காவின் கோப்பு நகரும், பேராசிரியருக்குத் திருப்தி, ஹவில்தாருக்கு மரியாதை, எனக்குப் பாதுகாப்பு. யாருக்கும் நஷ்டமில்லை. உண்மையைச் சொன்னால் முதல் அடி அக்காவுக்குத்தான் விழும். நல்ல காரணத்தோடு வரும் பொய்தான் நம் தொழிலில் மோசமான பொய். வீட்டில் அம்மா போட்ட சோறு இறங்கவில்லை. அக்காவையே கேட்டுவிடலாம் என்று மறுநாள் காலை சீக்கிரமே போனேன்.

அவர் எனக்கு முன்பே வந்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். "கச்சேரி என்ற பதிவைப் படிக்காமல் கையொப்பமிட்டேன்." ஒரே வாக்கியம். என் பெயர் அதில் இல்லை.

"அக்கா, கோப்பு…"

"கோப்பு இருக்கட்டும். இன்னும் இருபது வருஷம் நான் சீட்டுல கையெழுத்து போடணும். இதை விட்டா அந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம்? நீ உன் பேப்பரை எழுது. பிழை இல்லாம எழுது."

எழுதினேன். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனோம். பேராசிரியரும் இருந்தார். அவரும் படித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னார் பாருங்கள்: "நீங்கள் பயந்துபோய் இப்படிச் சொல்கிறீர்கள் அம்மா. அந்தப் பெரியவர் பொய் பேசுகிற ஆளே இல்லை."

என் வாக்குமூலத்தை யாரும் நம்பவில்லை! பொய்யை நம்பவைக்க எனக்கு ஒரு தேநீர் இடைவேளை போதுமாக இருந்தது. உண்மைக்குச் சாட்சி தேவைப்பட்டது. நல்லவேளை, சாட்சி அப்போதுதான் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார்.

"சார், இவர்தான் முனியப்பா" என்றேன்.

பேராசிரியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நான் விஷயத்தைத் தெலுங்கில் சொல்லி முடித்ததும் முனியப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நேனா? நாதஸ்வரமா?" என்று கேட்டு, வாய்விட்டுச் சிரித்தார். அவர் ஒருவர்தான் அன்று சிரித்தார். பேராசிரியர் தம் குறிப்பேட்டிலிருந்து நான்கு பக்கங்களை நிதானமாகக் கிழித்து மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை போலும்.

எனக்குத் தண்டனை, திருத்தச் சீட்டு ஒட்டுவது. "கச்சேரி: மூலம் தெரியவில்லை" என்று அச்சடித்த துண்டுக் காகிதங்களை, கிடங்கில் இருந்த ஒவ்வொரு பிரதியிலும் என் கையாலேயே பசை தடவி ஒட்டினேன். விரலில் பசை நாற்றம் போக வெகுநாளாயிற்று. பிஸ்கட் அபராதம் அன்றோடு ரத்தானது. அதற்குப் பதில், கொக்கி போட்ட மேஜைக்கு மற்றவர்கள் பிஸ்கட் வாங்கித் தருவது என்று அக்கா மாற்றினார். அதன்பின் எங்கள் அகராதியில் கொக்கிகள் பெருகின. எனக்கு எடையும் கூடியது.

திருத்தம் வேலை செய்ததா என்றால், இல்லை. ஹவில்தார் எங்கள் அலுவலகத்துக்கு ஓர் அஞ்சலட்டை போட்டார்: "என் தகப்பனாரைப் பொய்யர் என்று சொல்ல நீங்கள் யார்?" வானொலிக்காரர் திருத்தம் வாசிக்கவில்லை. ஒட்டிய காகிதங்கள் உதிர்ந்தன. அடியில் முனியப்பா வாசித்துக்கொண்டே இருந்தார். உங்கள் மூன்று ஆதாரங்களும் அவரிடமிருந்து வந்தவைதான்.

அக்காவுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. ஆனால் எட்டு மாதம் கழித்துத்தான் வந்தது. அந்த எட்டு மாதத்துக்குள் அவருக்குப் பின்னால் சேர்ந்த கன்னட மேஜைக்கு உத்தரவு முந்திக்கொண்டது. பணிமூப்பு மாறிவிட்டது. தலைமைப் பதிப்பாசிரியர் நாற்காலிக்குக் கன்னட மேஜை போனார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு விரலை வைத்துக்கொண்டு நிற்கத் தெரியாது. அக்கா ஓய்வுபெறும்வரை அவருக்குக் கீழேதான் இருந்தார். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. எனக்கும் கேட்க தைரியம் வரவில்லை.

சரி, இனி ஜெனிஃபருக்கு வேண்டிய இரண்டாவது கையெழுத்து. இதுவரை உள்ளதை எழுதி முடித்ததும், ஒரு பழைய சீட்டில் பதிவையும் புதிதாக எழுதினேன். மூலம் என்ற இடத்தில் சிவப்புக் கொக்கி. 'எங்கே கேட்டது?' என் வாயிலேயே. 'யார் சொன்னது?' பொய் சொன்னவளே. இரண்டையும் எடுத்துக்கொண்டு நேற்று சைனிக்புரிக்குப் போனேன். அக்கா அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். முட்டி வலி, மற்றபடி அதே கண்.

"தமிழ் மேஜை! வா, வா" என்றார். விஷயத்தைச் சொன்னேன். முனியப்பா செயலிக்குள் புகுந்துவிட்டார் என்றதும் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். "பேனா அப்புறம். கண்ணாடியை எடு" என்றார்.

படித்தார். முதல் வரியிலிருந்து, உதட்டை அசைத்து, வரிக்கு வரி விரலை ஓட்டிப் படித்தார். பேரன் பள்ளியிலிருந்து வந்து, "நானம்மா, வாட் ஆர் யூ ரீடிங்?" என்று கேட்டான். கையைக் காட்டி நிற்கச் சொன்னார். காபி ஆறியது. நான் பரீட்சை எழுதியவள் மாதிரி எதிரே உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் ஓரிடத்தில் விரல் நின்றது. பேசவில்லை. விரலை எடுக்கவும் இல்லை.

குனிந்து பார்த்தேன். 'எட்டு மாதம்' என்ற இடம். எழுத்துப் பிழையா என்று பார்த்தேன், இல்லை. சந்திப் பிழை இல்லை. எனக்குத் தெரியவில்லை, நிஜமாகவே தெரியவில்லை.

"தெரியலை அக்கா."

சிவப்புப் பேனாவை வாங்கி, 'எட்டு மாதம்' என்பதை அடித்தார். மேலே எழுதினார்: 'பத்து மாதம், பதினொரு நாள்.'

அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.